கினிப்பன்றிக் குட்டி வாங்குமுன்: திருகோணமலை வாசகர்களுக்குப் பதில்கள்

முதன்முறையாகக் கினிப்பன்றி வளர்க்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளில், நமது ஊருக்கு மிகவும் தேவையானவற்றை எடுத்திருக்கிறேன். நான் பல ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருபவள். கால்நடை வைத்தியர் அல்ல. நோய் என்று சந்தேகம் வந்தால் வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

உவர்மலையிலிருந்து ஒரு தாய்: அக்கா, மகளுக்குப் பத்து வயது. ஒரு குட்டி மட்டும் வாங்கலாம் என்று கணவர் சொல்கிறார். எத்தனை கிழமைக் குட்டியாக வாங்குவது?

இரண்டாக வாங்குங்கள் தங்கச்சி. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கினிப்பன்றி கூட்டமாக வாழப் பிறந்த விலங்கு. தனியாக விட்டால் உண்பதும் ஓடியாடுவதும் குறைந்து ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். சுவிட்சர்லாந்தில் இதைத் தனியாக வளர்ப்பதை 2008இலேயே சட்டத்தால் தடுத்துவிட்டார்கள். மகள் பாடசாலை, ரியூசன் என்று போய்விட்டால் அந்தக் குட்டி நாள் முழுவதும் யாரோடு இருக்கும்? இரண்டும் ஒரே பாலினமாக இருக்கவேண்டும். ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பெண் குட்டிகள் என்றால் தொடக்கக்காரருக்கு எளிது.

பிறக்கும்போதே உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறந்து, ஓரிரு நாளிலேயே புல்லைக் கொறிக்கத் தொடங்குவதால், பத்து நாள் குட்டியையும் “வளர்ந்துவிட்டது” என்று விற்கிறார்கள். அதை வாங்கவேண்டாம். மூன்று கிழமையாவது தாயிடம் பால் குடித்திருக்கவேண்டும். நான்கிலிருந்து ஆறு கிழமைக்குள் வாங்குவது நல்லது.

அன்புவழிபுரம்: எங்கள் வீடு சீற் கூரை. விறாந்தையில் கூட்டை வைக்கலாமா? மின்விசிறி போட்டால் போதாதா?

வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். திருகோணமலையில் கினிப்பன்றிகள் சாவதற்கு வெப்பம் முதன்மையான காரணம் என்பதே என் அனுபவம். இவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதி. 18 முதல் 24 பாகை செல்சியஸ்வரை இவற்றுக்கு இதம். 30ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிடும். நமக்கோ மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை பகலில் 33, 34 பாகை சாதாரணம். சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் விறாந்தையில் நமக்கே இருக்கமுடிவதில்லை.

இந்த விலங்குக்கு வியர்க்காது. வியர்வை காயும்போதுதான் மின்விசிறி நமக்குக் குளிர்ச்சி தருகிறது. வியர்க்காத உடலுக்கு அந்தப் பயன் இல்லை. அறையில் காற்று தேங்காமல் இருக்க விசிறி உதவும், ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். வீட்டில் ஓட்டுக்கூரை உள்ள அறையோ, சீமெந்துத் தரையுள்ள வடக்குப் பக்க அறையோ இருந்தால் கூட்டை அங்கே தரையிலேயே வையுங்கள். இரண்டு போத்தல்களில் நீரை உறையவைத்து, துணியால் சுற்றி, காலை பத்து மணியிலிருந்து மாறி மாறிக் கூட்டுக்குள் வையுங்கள். அவை தாமாகவே அதில் சாய்ந்துகொள்ளும். ஒரு தரையோட்டையும் போட்டுவிடலாம். மின்வெட்டு நாளுக்கென்று ஒரு போத்தலை எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள்.

வாயில் நீர் வடிந்து, வேகமாக மூச்சு வாங்கி, உடல் துவண்டு கிடந்தால் அது வெப்பத் தாக்கு. ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். அந்த அதிர்ச்சியே கொன்றுவிடலாம். சாதாரணக் குளிர்ந்த நீரால் காதுகளையும் பாதங்களையும் நனைத்து, ஈரத்துணியில் வைத்து, உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வீடு முழுவதும் சீற் கூரை, பகலில் ஆளில்லை, குளிரான மூலை எதுவும் இல்லை என்றால், இப்போது வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். வருத்தமாக இருக்கும். ஆனாலும் அதுதான் அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

கிண்ணியா: வெளிநாட்டு உலர்புல் விலை அதிகம். வேறு என்ன கொடுப்பது?

இதைப் பற்றி எவ்வளவும் எழுதலாம். கினிப்பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும், குடலும் ஒழுங்காக இயங்கும். ஆகவே உணவில் பெரும்பகுதி புல்லாகவே இருக்கவேண்டும், அதுவும் இரவு பகலாகக் கூட்டில் இருக்கவேண்டும். புல் என்றால் இறக்குமதிப் பொதிதான் என்று யாரும் நினைக்கவேண்டாம். மாடுகளுக்கு அறுக்கும் கினிப்புல் நமது வேலியோரமெல்லாம் வளர்கிறது. பூ வைக்குமுன் இளசாக அறுத்து, கழுவி, நீர் வடியவிட்டுக் கொடுங்கள். கட்டிவைத்துச் சூடேறிய புல்லைக் கொடுத்தால் வயிறு ஊதிவிடும்.

கச்சான் காற்றுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் நிழலில் பரப்பிய புல் பச்சை மணம் போகாமலே விரைவில் காய்ந்துவிடும். தண்டை வளைத்தால் முறியவேண்டும், அதுதான் பதம். மாரி மழை தொடங்குமுன் இப்படிக் காயவைத்துச் சாக்கில் கட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள். மாரியில் பூஞ்சணம் பிடித்த புல்லில் ஒரு பிடிகூடக் கொடுக்கவேண்டாம்.

களைநாசினி அடித்த வயல் வரம்பு, தெருநாய்கள் திரியும் ஓரம், பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் படுக்கும் இடம் ஆகியவற்றில் புல் அறுக்கவேண்டாம். உண்ணியும் எச்சமும் கூடவே வீட்டுக்கு வரும்.

புல்லைத் தவிர, நாளொன்றுக்கு ஒரு கோப்பையளவு கீரை, காய்கறி போதும். கொத்தமல்லி இலை, கறிமிளகாய், கெக்கரிக்காய் நல்லவை. பசளி, முருங்கையிலை எப்போதாவது சிறிதளவு. வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு, அவகாடோ, சோறு, பாண், பிஸ்கட் எதுவும் கூடாது. கோழித் தீவனம் கூடவே கூடாது.

தம்பலகாமம்: எங்கள் வீட்டில் வைக்கோல் நிறைய இருக்கிறது. அது போதாதா?

படுக்கைக்குப் போடலாம், பூச்சிமருந்து படாததாக இருந்தால். உணவுக்குச் சத்துப் போதாது.

உப்புவெளி: விற்றமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

விற்றமின் தேவை என்பது சரி, கரைக்கும் முறை தவறு. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலும் விற்றமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. 1907இல் நோர்வேயில் அக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபுரோலிச் என்ற இருவர் வெறும் தானிய உணவைக் கொடுத்தபோது இவற்றுக்கு ஸ்கேர்வி என்ற விற்றமின் சி குறைபாட்டு நோய் வந்ததைக் கண்டார்கள். அந்த விற்றமினைக் கண்டுபிடிக்க வழி திறந்தது அதுதான்.

கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. வளரும் குட்டிக்கும் சினைக்கும் கூடுதலான அளவு. தண்ணீரில் கரைத்தால், அதுவும் நமது வெப்பத்தில், சத்து விரைவில் அழிந்துவிடும். சுவை பிடிக்காமல் நீர் குடிப்பதையே குட்டி நிறுத்திவிடவும் கூடும். கொய்யாப்பழம் இருக்கும் ஊரில் மாத்திரை எதற்கு? 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. குட்டிக்கு ஐந்து கிராம் துண்டு ஒன்றே அன்றைய தேவைக்குப் போதும். சீனி அதிகமுள்ள பழம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். உரோமம் சிலிர்த்து, நடக்க மனமில்லாமல், தொட்டால் கத்தினால் விற்றமின் குறைவு என்று ஐயப்படுங்கள்.

பாலையூற்று: வீட்டில் முயல் கூடு இருக்கிறது. முயலோடு சேர்த்து விடலாமா?

வேண்டாம் தம்பி. முயலிடம் நோயே காட்டாமல் இருக்கும் ஒரு கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். முயலின் பின்னங்கால் உதையும் குட்டியைக் கொன்றுவிடலாம். முயல் இல்லாமல் அந்தக் கூடு மட்டும் உதவுமா என்றால், அடியில் கம்பிவலை இருந்தால் உதவாது. பாதம் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். இரண்டு குட்டிக்குக் குறைந்தது நான்கடி நீளம், இரண்டடி அகலம் கொண்ட சமதளம் வேண்டும். பழைய பத்திரிகைத் தாள் விரித்து, மேலே பருத்தித் துணி போட்டு, நாள்தோறும் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, இரண்டு வாசலோடு.

நிலாவெளி: முற்றத்து வேப்பமர நிழலில் நல்ல காற்று வருகிறது. கூட்டை அங்கே வைத்தால் என்ன?

உங்கள் ஊரில் காற்று நல்லதுதான் ஐயா. ஆனால் பாம்பு, கீரி, உடும்பு, பூனை, காகம் எல்லாம் அதே முற்றத்தில்தான் திரிகின்றன. சிந்திய தீவனத்துக்கு எலி வரும். எலியைத் தேடிச் சாரையும் நாகமும் வரும். கோழிக்கூட்டு வலையின் கண்ணில் பாம்பு எளிதாக நுழைந்துவிடும். பக்கத்தில் ஆள் இருக்கும்போது காலையில் ஒரு மணிநேரம் வெளியே மேயவிடுங்கள். மற்ற நேரம் வீட்டுக்குள்.

மூதூர்: “இரண்டும் பெண்” என்று கடைக்காரர் சொன்னார். நம்பலாமா?

நீங்களே பாருங்கள். குட்டியை மார்பும் பின்புறமும் தாங்கப் பிடித்து, பிறப்புறுப்புக்கு மேலே மெல்ல அழுத்தினால் ஆண் குட்டிக்குச் சிறு உறுப்பு வெளியே நீளும். பெண்ணுக்குக் கவட்டைக் கம்பு போன்ற பிளவு தெரியும். ஆண் குட்டி மூன்று கிழமையிலேயே சினைப்படுத்தக்கூடும். பெண் நான்கைந்து கிழமையில் சினைப்படக்கூடும். எனவே எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கும் கடையில் வாங்கிய பெண் குட்டி சினையாகவே வீட்டுக்கு வரலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள்வரை. வாங்கிய நாளிலிருந்து அவ்வளவு காலமும் வயிற்றைக் கவனியுங்கள்.

சினை என்று தெரிந்தால் பயப்படவேண்டாம், ஆனால் வைத்தியரை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஆணைக் கட்டாயம் பிரியுங்கள். ஈன்ற சில மணிநேரத்திலேயே மறுபடியும் சினைப்பட்டுவிடும். ஆசைக்கென்று சினைப்படுத்துவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறை சினைப்படும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு விரியாமல் இறுகிவிடுவதால், தாயும் குட்டியும் சேர்ந்தே இறந்துபோகலாம்.

லிங்கநகர்: கொண்டுவந்து மூன்று நாள். பெட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள்.

அது அச்சம், நோயல்ல. துரத்திப் பிடிக்கவேண்டாம். பிள்ளைகளைக் கூட்டருகில் தரையில் உட்காரவைத்து, மெல்லப் பேசி, கொத்தமல்லித் தண்டை நீட்டச் சொல்லுங்கள். ஓரிரு கிழமையில் உங்கள் காலடிச் சத்தத்துக்கே கீச்சிடத் தொடங்கும். ஒருநாள் திடீரென்று நின்ற இடத்திலேயே துள்ளிக் குதிக்கும். அது வலிப்பு அல்ல, மகிழ்ச்சி. தூக்கும்போது பிள்ளை தரையில் அமர்ந்திருக்கவேண்டும். விழுந்தால் முதுகெலும்பு முறியும்.

அதே வாசகர்: தன் எச்சத்தையே தின்கிறதே?

இயல்புதான். மென்மையான ஒருவகை எச்சத்தை மறுபடி உண்டு சத்தை எடுத்துக்கொள்ளும். தடுக்கவேண்டாம்.

சீனக்குடா: குட்டி தும்முகிறது. மகனுக்கு வாங்கிய அமொக்ஸிசிலின் பாணி மீதம் இருக்கிறது. இரண்டு துளி கொடுக்கலாமா?

கொடுக்கவேண்டாம். தயவுசெய்து கொடுக்கவேண்டாம். பெனிசிலின், அம்பிசிலின், அமொக்ஸிசிலின் ஆகியவை வாய்வழி போனால் இதன் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்துவிடும். சில நாளில் வயிற்றோட்டத்தில் உயிர் போய்விடும். வைத்தியரிடம் போனாலும் “இது கினிப்பன்றி, பெனிசிலின் வகை ஆகாது” என்று நீங்களே நினைவூட்டலாம். மாடும் ஆடும் நாயும் பார்ப்பதே அவர்களுக்கு வழக்கம். எப்போதாவது தும்முவது தூசியாலும் வரும். மூக்கு ஒழுகுதல், கண் ஒட்டுதல், மூச்சில் சத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே போங்கள். அரை நாளுக்கு மேல் எதுவும் உண்ணவில்லை என்றால் அது அவசரநிலை. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அவ்வளவு தூரம் கொண்டுபோவதானால் இரவில் புறப்படுங்கள். பெட்டிக்குள் புல்லும் கெக்கரித் துண்டும் இருக்கட்டும்.

நோய் முற்றும்வரை இது வெளியே காட்டாது. அதனால் கிழமைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். வளரும் குட்டியின் எடை நின்றாலோ இறங்கினாலோ, வேறு எதுவும் தெரியாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

சாம்பல்தீவு: நல்லூர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் போவோம். உணவை நிறைய வைத்துவிட்டுப் போகலாமா?

முடியாது. அது ஆகஸ்ட், கடும் வெப்பம். நீர்ப்போத்தல் ஒழுகினாலோ அடைத்துக்கொண்டாலோ நான்கு நாளைத் தாங்காது. அயலவர் ஒருவர் காலையும் மாலையும் வந்து புல், நீர் மாற்றி, நண்பகலில் உறைந்த போத்தல் வைக்கவேண்டும். போவதற்கு முந்தைய கிழமையே அவரை இரண்டு முறை அழைத்து, உங்கள் முன்னிலையில் செய்யவையுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் வீட்டில் ஒருவராவது நின்றுகொள்ளுங்கள்.