லிங்கனை ஜெயிக்க வைத்தது கட்சிப் பிளவா?

கேள்வி: 1860 அமெரிக்கத் தேர்தலுக்கு முன், அடிமைமுறையை எதிர்த்தவர்கள், ஆதரித்தவர்கள் என்று ஜனநாயகக் கட்சி இரண்டாக உடைந்ததே? உடையாமல் இருந்திருந்தால் எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் லிங்கன் தோற்றிருப்பார்தானே?

பதில்: தோற்றிருக்க மாட்டார். ஆனால் முதலில் உங்கள் கேள்வியைத் திருத்த வேண்டும். அந்தக் கட்சியின் எந்த அணியும் அடிமைகளை விடுவிக்கச் சொல்லவில்லை. சண்டை, இன்னும் மாநிலமாகாத மேற்குப் பிரதேசங்களைப் பற்றியது. அங்கே அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே தீர்மானிக்கட்டும் என்றார் இல்லினாய்ஸ் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ். மத்திய அரசே சட்டம் போட்டு அடிமை உரிமையாளரைக் காக்க வேண்டும் என்றது தெற்கு. சொத்தாக எண்ணப்பட்ட ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்களை இரு அணியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை மறந்துவிட்டு அந்தப் பிளவைப் பேசவே கூடாது.

ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, 1860 ஏப்ரல் 23 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியது. கொள்கை அறிக்கைக் குழுவில் மாநிலத்துக்கு ஒருவராக 33 பேர். அடிமைமுறை மாநிலங்கள் 15. கலிபோர்னியாவும் ஆரிகனும் சேர்ந்துகொள்ள, 17. குழு தெற்கின் கைக்குப் போயிற்று. மாநாட்டின் முழுச் சபையிலோ பெரிய மாநிலத்துக்கு அதிக ஓட்டு. அது வடக்கின் கையில். குழுவின் அறிக்கையை ஒதுக்கி, டக்ளஸ் தரப்பு அறிக்கையை 165-138 என்று சபை ஏற்றது. அலபாமா எழுந்து வெளியேறியது, பின்னாலேயே மிசிசிப்பி, லூசியானா, தென் கரோலினா, டெக்சாஸ், ஃபுளோரிடா. திடீர்க் கோபம் அல்ல இது. கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் வெளியேறுங்கள் என்று அலபாமா கட்சி ஜனவரியிலேயே உத்தரவிட்டிருந்தது.

சிலர் போனால் நல்லதுதான் என்று டக்ளஸ் ஆட்களும் கணக்குப் போட்டிருந்தார்கள். வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். சபை சுருங்கினால் அதுவும் சுருங்குமே! அவைத் தலைவர் கேலப் குஷிங் அந்தக் கணக்கைக் கவிழ்த்தார். போனவர்களையும் சேர்த்து மொத்தம் 303, அதில் 202 வேண்டும் என்றார். 57 சுற்று ஓட்டெடுத்தும் டக்ளஸ் 152.5-ஐத் தாண்டவில்லை. ஜூனில் பால்டிமோரில் கூடி மறுபடி உடைந்து, ஒரு பக்கம் டக்ளஸ், மறுபக்கம் தெற்கு அணியின் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் என்று நின்றார்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். லிங்கன் வாங்கிய மக்கள் ஓட்டு 39.8 சதவீதம்தான். ஆனால் ஜனாதிபதியை முடிவு செய்வது, மாநிலவாரியாகக் கிடைக்கும் எலெக்டோரல் ஓட்டு. அதில் அவருக்கு 180, ஜெயிக்கத் தேவை 152. பாதிக்குக் குறைவான மக்கள் ஓட்டில் அவருக்குக் கிடைத்தவை கலிபோர்னியாவின் 4, ஆரிகனின் 3, நியூ ஜெர்சியில் 4. எதிரிகள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து இந்த 11-ஐயும் பறித்திருந்தால்கூட 169 மிஞ்சும். மற்ற மாநிலங்களில் அவருக்குப் பாதிக்கு மேல் கிடைத்தது. நியூயார்க்கின் 35-ஐ இழந்திருந்தால் அவர் 145-க்கு இறங்கியிருப்பார். ஆனால் அந்த மாநிலத்தில் எதிரணிகள் ஏற்கெனவே சேர்ந்து ஒரே பட்டியலாகத்தான் நின்றன. சுமார் 50,000 ஓட்டில் தோற்றன.