விருந்தினர் வைஃபை: கேட்டவர்களும் என் பதில்களும்

கல்லடி: எங்கள் சங்கத்தில் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கும் கணக்குக் கணினிக்கும் ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேட். பிரிப்பது எப்படி சேர்?

ரவுட்டரில் கெஸ்ட் நெட்வேர்க் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேறு பெயர், வேறு பாஸ்வேட் கொடுத்து, உள் நெட்வேர்க்குக்குப் போக விடுகிற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் கெஸ்டில் உங்கள் போனை இணைத்து ரவுட்டர் பக்கத்தையும் பிரிண்டரின் ஐபி முகவரியையும் பிரவுசரில் அடித்துப் பாருங்கள். திறந்தால் இன்னும் பிரியவில்லை. அலுமாரியில் கிடக்கும் பழைய ரவுட்டரைப் பின்னால் செருகி விருந்தினருக்குக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ஏறாவூர்: வைஃபை பெயரை மறைத்தால் போதாதா?

போதாது.

அக்கரைப்பற்று: நான் பழைய ரவுட்டரைத்தான் செருகியிருக்கிறேன், இரண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை. நடுவில் நாட் (உள் முகவரிகளை மறைத்து, தன் முகவரியில் வெளியே அனுப்பும் ரவுட்டர் வேலை) இருக்கிறதே, அது சுவர்தானே?

சுவர்தான் தம்பி, ஆனால் நீங்கள் காப்பாற்றுவது விருந்தினரை. அலுவலகம் 192.168.1 என்றும் பின்னால் உள்ள ரவுட்டர் 192.168.0 என்றும் வையுங்கள். விருந்தினர் 192.168.1.10 என்று அடித்தால் அது தன்னிடம் இல்லாததால் பின் ரவுட்டர் வெளியே அனுப்பும், அந்த ‘வெளியே’தான் உங்கள் அலுவலகம்.

அக்கரைப்பற்று: அப்படியென்றால் மாற்றிப் போடுகிறேன், அலுவலகம் பின்னால்.

பாதி சரி. விருந்தினர் உள்ளே வர முடியாது, ஆனால் அலுவலகத்தின் போக்குவரத்து முழுவதும் அவர்கள் இருக்கும் நெட்வேர்க் வழியாகப் போகும், விஷயம் தெரிந்தவன் நடுவில் நிற்கலாம். முன்னால் ஒன்று, பின்னால் ஆளுக்கொன்று என்று மூன்று ரவுட்டர் போட்டால் சரி. நானென்றால் அந்தக் காசுக்கு வீலான் (ஒரே பெட்டியில் நெட்வேர்க்கைப் பல துண்டாகப் பிரிக்கும் வசதி) உள்ள ரவுட்டர் வாங்குவேன்.

அக்கரைப்பற்று: இரண்டு வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே சேர்.

கெஸ்டில் இருந்துகொண்டு, அலுவலகப் பிரிண்டரின் ஐபியைக் கொடுத்து ஒரு தாள் அடியுங்கள். பிறகு பேசுவோம்.

கழுவாஞ்சிக்குடி: மைக்ரோடிக் ரவுட்டரில் இரண்டு வீலான் போட்டேன், ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது.

போகும். வீலான் பிரிக்கும், ரவுட்டர் திரும்பச் சேர்த்துவிடும், அதன் தொழிலே அதுதானே. ஃபயர்வாலில் கெஸ்டிலிருந்து அலுவலகத்துக்குக் கடந்து போகிற ஃபார்வேர்டை மறியுங்கள். கெஸ்டிலிருந்து ரவுட்டருக்கே வருவதை இன்புட்டில் மறியுங்கள், டிஎன்எஸ்ஸும் (தளப் பெயருக்கு முகவரி சொல்வது) டிஎச்சிபியும் (போனுக்கு ஐபி கொடுப்பது) மட்டும் விடுங்கள். ஐபிவி6 (புதிய வகை ஐபி) ஓடினால் அதற்கும் தனியாக விதி வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

பொத்துவில்: அறுகம்பைக்குப் பக்கத்தில் விடுதி. சீசனில் மாலையானால் புதியவர்களுக்கு ஐபி கிடைப்பதில்லை.

டிஎச்சிபி லீஸ், அதாவது ஒருவருக்குக் கொடுத்த ஐபியை வைத்திருக்கும் நேரம், 24 மணித்தியாலமாக இருக்கும். காலையில் போனவரின் முகவரி அடுத்த நாள்வரை பூட்டிக் கிடக்கும். 1 மணித்தியாலமாக்குங்கள்.

சாய்ந்தமருது: மெக் ஃபில்டர் (போனின் வைஃபை அடையாள எண்ணைப் பார்த்து விடுவது) போட்டால்?

ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் பொய் மெக்தான் காட்டுகின்றன. விடுங்கள்.

கல்முனை: பெயரை மறைத்தால்…

ஏறாவூருக்குச் சொன்னதை வாசியுங்கள்.

அக்கரைப்பற்று: தாள் வந்தது சேர். வீலான் ரவுட்டர் எது நல்லது?