மகள் ‘ஆராய்ச்சி’ செய்கிறாள், வேலை கிடைக்குமா?

ஐயா, கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு படிக்கும் மகள் கணினியை மூடிவைத்துவிட்டுத் தாளில் பெட்டி கீறிக்கொண்டிருக்கிறாள் என்று கவலைப்படுகிறீர்கள். கீறட்டும், விடுங்கள்.

அவள் செய்வது வடிவமைப்பு அறிவியல் ஆய்வு. தகவல் முறைமைத் துறையில், 2004இல் ஹெவ்னர் குழுவினர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு நன்றாக ஊன்றிய முறை இது. மென்பொருளைச் செய்யத்தான் வேண்டும். செய்தது உதவுகிறதா என்றும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெட்டிகள் 2019இல் வொம் புரோக்க, மேட்சே என்ற இரு ஆய்வாளர்கள் தந்த ஆறு கட்டங்கள்: பிரச்சினை, தீர்வு, ஆய்வு நடக்கும் விதம், முன்பே உள்ள அறிவு, புதிதாகச் சேரும் அறிவு, அடிப்படைக் கருத்துகள். முழு ஆய்வும் ஒரே தாளில்.

பிள்ளைகள் வழுக்குவது ‘பிரச்சினை’ என்ற முதற்கட்டத்திலேயே. ‘மீனவர்களுக்கு விலை சொல்லும் செயலி இல்லை’ என்று எழுதுவார்கள். அது பிரச்சினை இல்லை, பிரச்சினை என்று முகமூடி போட்ட தீர்வு. உப்புவெளிக் கரையில் மீன் இறக்குபவருக்குச் சந்தை விலை தெரியாதா, அல்லது தெரிந்தும் கடன் கொடுத்த வியாபாரிக்கே விற்கவேண்டியிருக்கிறதா? இரண்டாவதுதான் என்றால் விலை சொல்லும் செயலியால் பெரிதாக ஒன்றும் நடக்காது. விடியற்காலையில் கரைக்குப் போய்க் கேட்டால்தான் இது தெரியும். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

‘முன்பே உள்ள அறிவு’ என்ற கட்டத்துக்கு இணையத்தில் மேய்ந்தது போதாது. கேரளத்தில் கைபேசி வந்தபின் சாளை மீன் விலை இடத்துக்கு இடம் வேறுபடுவது வெகுவாகக் குறைந்ததை ராபர்ட் ஜென்சன் 2007இல் காட்டினார். அப்படியானவற்றை வாசித்துவிட்டு எழுதட்டும். புதிய அறிவுக் கட்டத்தைப் பலர் வெறுமையாக விடுவார்கள். முல்லைத்தீவில் இதே வேலையைத் தொடங்கும் ஒருவர் இவளிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள், நிரம்பிவிடும். அப்புறம், சிநேகிதிகளுக்குக் கூகுள் ஃபோர்ம் அனுப்பி ‘நன்று’ வாங்குவது, செய்தது உதவுகிறதா என்பதற்கு மதிப்பீடு ஆகாது.

வேலைக்கு வருவோம். பிசினஸ் அனலிஸ்ட், அதாவது நிறுவனத்தின் தேவையைக் கண்டறிந்து தீர்வு சொல்பவர், வேலைக்கான நேர்முகத்தில் ‘யாருக்கு என்ன பிரச்சினை, தீர்ந்தது என்று எப்படித் தெரியும்?’ என்றுதான் துருவுவார்கள். பதில் அந்தத் தாளில் இருக்கிறது. திருத்தும்போதெல்லாம் திகதி போட்டுப் பழையதையும் வைத்திருக்கச் சொல்லுங்கள். மேற்பார்வையாளரிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை வாசியுங்கள். முதற்கட்டம் உங்களுக்கு விளங்காவிட்டால் திருப்பி எழுதட்டும்.