தோழி சொல்லும் பொய் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லர் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். மீரா முதல் குழந்தைக்காகக் காத்திருப்பவள். மூன்றாம் மாதத்தில், ஸ்கேனுக்குக் காத்திருக்கும் இடத்தில் தாரணி அறிமுகமாகிறாள். அவளும் கர்ப்பிணி. இரண்டு பேரும் மிக நெருங்கிவிடுகிறார்கள். அப்புறம் மீராவின் வீட்டில் பொருட்கள் இடம் மாறுகின்றன, போனில் மெசேஜ்கள் காணாமல் போகின்றன. கடைசி அத்தியாயத்தில், மீராவுக்குக் குறித்திருந்த பிரசவ தேதியன்று, எல்லாம் வெளிப்படுகிறது: தாரணி கர்ப்பமாகவே இல்லை, அவள் மீராவின் கணவனுடைய பழைய காதலி.

படித்த நண்பர்கள் எல்லோரும் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் ஒருவர், "தாரணி என்று ஒருத்தியே இல்லை, எல்லாம் ஹார்மோன் செய்த வேலை, மீராவின் கற்பனை என்று முடித்துவிடு. யாராலும் ஊகிக்க முடியாது" என்கிறார். அப்படி மாற்றலாமா? கதை முழுவதையும் மீரா 'நான்' என்று சொல்வதாக எழுதியிருக்கிறேன். அது சரிதானா?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

அப்படி மாற்றாதீர்கள். யாராலும் ஊகிக்க முடியாது என்பது உண்மைதான். ஏனென்றால் ஊகிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நாவல் முழுக்க ஒருத்தியின் பயத்தை நம்பிக் கூடவே வந்த வாசகரிடம், அவள் பார்த்தது எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

மருத்துவப்படியும் அது ஒட்டாது. கர்ப்பகால மறதி பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நினைவாற்றலும் திட்டமிடும் திறனும் கொஞ்சம் குறைவது உண்மை, கடைசி மூன்று மாதங்களில் அது கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் பெரும்பாலும் இயல்பான அளவுக்குள்தான் என்பது அதன் முடிவு. வைத்த சாவியைத் தேடுவது வேறு, இல்லாத ஒருத்தியோடு ஆறு மாதம் பழகுவது வேறு. பிரசவத்தை ஒட்டி வரும் சைக்கோசிஸ் என்று, இல்லாததைப் பார்க்கவும் நம்பவும் வைக்கும் ஒரு கடுமையான மனநோய் உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் குழந்தை பிறந்து இரண்டு வாரங்களுக்குள் வருவது அது. உங்கள் கதையோ குழந்தை பிறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு. 2016-ல் வெளிவந்தது. முதல்முறை தாயானவர்களின் மூளையைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சில இடங்களில் மூளையின் சாம்பல் நிறப் பொருள் குறைந்திருந்தது, இரண்டு வருடம் கழித்தும் அந்த மாற்றம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஆனால் நினைவாற்றல் குறையவில்லை. மாற்றம் வந்தது, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அறிய உதவும் பகுதிகளில். தாய் தன் குழந்தையைப் புரிந்துகொள்ள மூளை தயாராகிறது என்று அவர்கள் கருதினார்கள். ஒரு நாவலாசிரியருக்கு இது போதாதா? உங்கள் மீரா முன்னைவிடக் கூர்மையாக ஆட்களைப் பார்க்கட்டும். அவள் சொல்வதை நம்ப மட்டும் யாரும் தயாராக இல்லை என்று வையுங்கள். பயம் அங்கேதான் இருக்கிறது. 'உனக்கு இப்போது எல்லாமே பெரிதாகத் தெரியும், போய்த் தூங்கு' என்று கணவன் அன்பாகச் சொல்லும் ஒரு வரி, காணாமல்போகும் பத்து மெசேஜ்களைவிட நடுங்க வைக்கும்.

ஐரா லெவின் 1967-ல் எழுதிய 'ரோஸ்மேரிஸ் பேபி' நாவலின் பலமும் அதுதான். கர்ப்பிணியான ரோஸ்மேரி, கணவனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து தன் குழந்தையைக் குறிவைக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறாள். அவள் சந்தேகப்படுவது சரி என்பது நமக்குத் தெரிகிறது. கடைசியில் அவள் நம்பி ஓடிப்போகும் நல்ல டாக்டரே அவளைத் திரும்ப அவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறார். அவர் கெட்டவர் இல்லை, அவளை நம்பவில்லை, அவ்வளவுதான்.

சரி, முடிவை ஊகித்துவிட்டார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஊகித்ததில் தப்பில்லை. ஊகித்த பிறகு படிக்க எதுவும் மிச்சமில்லை என்பதுதான் உங்கள் நாவலின் பிரச்சினை. தாரணி பொய் சொல்கிறாள் என்பதை மூன்றில் ஒரு பங்கு கதையிலேயே போட்டு உடைத்துவிடுங்கள். 'தெரிந்த பிறகும் மீரா ஏன் இவளை விடவில்லை?' என்ற கேள்விதான் மீதிக் கதையை இழுத்துச் செல்ல வேண்டும்.

அதற்கு முதல் வேலை, பழைய காதலி சமாசாரத்தைத் தூக்கிவிடுவது. அது வந்தவுடன் இரண்டு பெண்களின் கதை ஒரு ஆணைப் பற்றிய கதையாகிவிடுகிறது. (அந்தக் கணவன் அவ்வளவு சுவாரசியமான ஆளாகவும் எனக்குத் தோன்றவில்லை, மன்னிக்கவும்.) தாரணி உண்மையிலேயே கர்ப்பமாக இருந்தவளாக இருக்கட்டும். சந்தித்துச் சில வாரங்களில் அவளுக்குக் கரு கலைந்துவிடுகிறது. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை இப்படிக் கலைகின்றன, பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள். மீராவிடம் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறாள். சொன்னால் தினமும் வரும் அந்த போன் நின்றுவிடும். அந்த வாரம் சொல்லவில்லை, அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. குழந்தையை இழந்தவள் என்றாலே பைத்தியம், பிள்ளை திருட வந்தவள் என்று எழுதுவது சலித்துப்போன சூத்திரம். உங்கள் வாசகிகளில் எத்தனையோ பேர் அந்த இழப்பைக் கடந்து வந்தவர்கள். தாரணி அவர்களில் ஒருத்தியாகத் தெரிய வேண்டும். பொய் வளர வளரத்தான் அவள் ஆபத்தானவள் ஆகிறாள்.

இப்படி வைத்தால் துப்பும் தானாகக் கிடைக்கிறது. வயிற்றில் கட்டிய தலையணை நழுவும் காட்சியை எடுத்துவிடலாம். முதல் பன்னிரண்டு வாரத்தைப் பற்றி தாரணிக்கு எல்லாம் துல்லியமாகத் தெரியும். அதன் பிறகு அவளுக்குத் தெரிவதெல்லாம் மீரா சொன்னது மட்டுமே. முதல் பிரசவம் என்றால் குழந்தை அசைவது பெரும்பாலும் 18-லிருந்து 20 வாரங்களில் உணர்வுக்கு வரும். மீரா அதை ஏதோ ஒரு விதமாக வர்ணிக்கிறாள். அடுத்த வாரம் தாரணி, அதே வார்த்தைகளில், தன் குழந்தை அசைந்ததைச் சொல்கிறாள். மீரா சிரித்துக்கொண்டே போனை வைக்கிறாள். அப்புறம் யோசிக்கிறாள்.

மீராவுக்கும் ஒரு ரகசியம் வேண்டும், இல்லாவிட்டால் தராசு சாய்ந்துவிடும். கல்யாணத்துக்கு முன் ஒரு கர்ப்பம், யாருக்கும் தெரியாமல் கலைத்தது, கணவனிடம் சொல்லாதது. டாக்டரிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறாள். ஃபைலில் 'ஜி2 பி0' என்று எழுதியிருக்கும். இரண்டாவது கர்ப்பம், முன்பு பிரசவம் இல்லை என்று பொருள். கணவன் மாதக்கணக்கில் அந்த ஃபைலைச் சுமந்துகொண்டு வருகிறான், அவனுக்கு அது புரியாது. தாரணி ஒரே பார்வையில் புரிந்துகொள்கிறாள்.

மீராவின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்று வைத்தால் இன்னும் இறுகும். கருவின் ரத்தம் பாசிட்டிவாக இருந்திருந்தால், கலைத்தபோது தாயின் உடலில் அந்த ரத்தத்துக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், உருவாகியிருக்கலாம். ஆன்டி-டி ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாம். ரகசியமாகச் செய்ததால் யாரும் போடவில்லை. ஆன்டிபாடி வந்த பிறகு அந்த ஊசியால் பயனில்லை, அது இந்தக் குழந்தையின் ரத்த அணுக்களை அழித்து ரத்தசோகை வரவைக்கிறதா என்று கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் கணவனும் தாரணியும் கூட இருக்கும்போது டாக்டர், "அப்போது ஊசி போட்டுக்கொள்ளவில்லையா?" என்று கேட்டுவிடுகிறார். 'எப்போது?' என்கிறான் கணவன். மீரா வாயடைத்து நிற்க, தாரணி சொல்கிறாள்: "சின்ன வயசில் உனக்கு ரத்தம் ஏற்றினார்கள் என்று சொன்னாயே, மீரா." பொருந்தும் பொய்தான், சேராத ரத்தம் ஏற்றினாலும் அந்த ஆன்டிபாடி வரும். தோழி காப்பாற்றிவிட்டாள். அந்த நிமிடத்திலிருந்து மீராவால் அவளை விட முடியாது, அவளுடைய பொய்யை வெளியே சொல்லவும் முடியாது.

'நான்' என்று எழுதியது சரிதான். ஆனால் மீரா தன் ரகசியத்தை வாசகரிடமும் கடைசி வரை மறைத்தால் அது ஏமாற்று. தன் மனதில் ஓடுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருபவள் இதை மட்டும் நினைக்காமல் இருப்பாளா? இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடட்டும். டாக்டர் கேள்வி கேட்கும்போது வாசகரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு சின்ன விஷயம். கிளைமாக்ஸைக் குறித்த தேதியிலேயே வைத்திருக்கிறீர்கள். நூற்றில் நான்கைந்து குழந்தைகள்தான் அந்தத் தேதியில் பிறக்கின்றன. யாரும் தயாராக இல்லாத 37-வது வாரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்.