என் 3018 சிஎன்சி ரூட்டரில் (கணினி சொல்படி பலகை செதுக்கும் மெஷின்) லிமிட் சுவிட்ச் (அச்சின் எல்லையைக் காட்டும் சுவிட்ச்) இல்லை. கரண்ட் போய் வந்தால் அதன் சீரோ, அதாவது அளவு தொடங்கும் புள்ளி, மாறிவிடுகிறது. சீரோவைச் சரியாக வைப்பது எப்படி?

உங்கள் 3018 மெஷினில் லிமிட் சுவிட்ச் இல்லை என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை அதுதான்.

கரண்ட் வந்ததும் ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தையே போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள், மெஷின் சீரோவாக எடுத்துக்கொள்ளும். பலகையில் நீங்கள் வைக்கிற சீரோ, அதாவது ஜி54, அங்கிருந்து இவ்வளவு தூரம் என்ற கணக்கு மட்டுமே. அந்தக் கணக்கு கரண்ட் போனாலும் போர்டில் அழியாமல் இருக்கும். அளக்கத் தொடங்கிய புள்ளி நகர்ந்துவிட்டால் அதை வைத்து என்ன செய்வது?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மூன்று மைக்ரோ சுவிட்ச் வாங்கிப் பூட்டுங்கள். செட்டிங்கில் ஹோமிங்கை (சுவிட்சைத் தொட்டு மெஷின் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) ஆன் செய்து, மெஷினைப் போடும்போதெல்லாம் முதலில் ஹோம் பண்ணுங்கள். அப்புறம் நடுவில் கரண்ட் போனாலும் பழைய எக்ஸ், வை சீரோ அதே இடத்தில் கிடைக்கும். சீரோ வைக்க ஜி92 கட்டளை வேண்டாம், ரீசெட் பண்ணினால் போய்விடும். ஜி54-ஐப் பதியும் ஜி10 எல்20 பி1 கட்டளைதான் நிலைக்கும். பலகையின் இடது ஓரத்தை 3.175 மி.மீ. நேர் பிட்டால் வெளியிலிருந்து தொட்டால், பிட்டின் நடுப்புள்ளி பலகையின் ஓரத்திலிருந்து 1.5875 மி.மீ. தள்ளி இருக்கும். ஆகவே அந்த இடத்துக்கு எக்ஸ் மைனஸ் 1.5875 என்று கொடுக்க வேண்டும்.

மேல்-கீழ் அச்சான இசட் தான் ஆளைப் படுத்தும். பிட் மாற்றினால் அதன் நீட்டம் மாறும். எக்ஸ், வையைத் தொடாமல் இசட்டை மட்டும் புதிதாக வையுங்கள். நான் வெள்ளவத்தையில் வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்குகிறவன். 60 பாகை வி பிட் (வி வடிவ முனை உள்ளது) 0.2 மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோடு 0.23 மி.மீ. தடிக்கும். குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளியே காணாமல் போய், 'க்' 'க' ஆகிவிடும்! கொழும்பு ஈரக்காற்றில் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஊதி வளையும் என்பதால், மூலையில் தொடாமல் எழுத்து வரும் இடத்திலேயே தொடுங்கள்.

கடதாசியை வைத்து, அது இழுபடாமல் பிடிக்கும் வரை பிட்டை இறக்குவது போதும். சாதாரண ஏ4 தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்பு, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோப் தகடு (பிட் தொட்டதும் மின்தொடர்பால் மெஷினுக்குச் சொல்லும் உலோகத் தகடு) இருந்தால் இன்னும் நல்லது. தகட்டின் தடிப்பை வெர்னியரில் நீங்களே அளந்து போடுங்கள், கடைக்காரர் சொன்ன எண்ணை நம்ப வேண்டாம். தகட்டைத் தொடும் வரை பிட்டை இறக்கும் ஜி38.2 கட்டளையை ஓட்டுமுன் தகட்டைக் கையால் பிட்டில் தொட்டு, மென்பொருள் அதைக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிட்டில் மாட்டும் வயர் கிளிப் கழன்றிருந்தால் பிட் நிற்காமல் தகட்டில் போய்க் குத்தும்.

பலகையை முழுவதுமாக வெட்டி எடுக்கும் வேலைக்கு மட்டும் இசட் சீரோவைப் பலகை மேல் வைக்காமல், அடியில் போடும் தியாகப் பலகையின் மேல் வைப்பேன். அப்போது பலகையின் தடிப்பு கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் வெட்டு அடிவரை போகும், மேசையும் தப்பும்.