ஒரு சென்ட், இரண்டு அச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

டல்லாஸில் வசிக்கிறேன். வீட்டுச் சில்லறை டப்பாவில் 1999-ஆம் ஆண்டு லிங்கன் சென்ட்கள் இரண்டு கிடைத்தன. பின்பக்கம் ‘அமெரிக்கா’ என்ற சொல்லில் வரும் ஏ, எம் எழுத்துகள் ஒன்றில் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கின்றன, மற்றதில் நன்றாக விலகி நிற்கின்றன. இதை யூடியூபில் பெரிய விலை போகும் பிழை நாணயம் என்கிறார்கள். இன்னொரு சென்ட்டில் ஆண்டு இரட்டையாகத் தெரிகிறது. இவை பிழையா, தேய்மானமா? எப்படி ஆராய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த வீடியோக்களை நிறுத்துங்கள். விலையிலிருந்து ஆரம்பித்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ‘இது பிழையா’ என்று கேட்பதைவிட, ‘இந்த வித்தியாசம் எந்தக் கட்டத்தில் உள்ளே வந்தது’ என்று கேளுங்கள்.

நாணயச்சாலையில் ஹப் என்று ஒரு எஃகுத் துண்டு உண்டு. காசில் இருப்பது போலவே அதில் உருவம் புடைப்பாக இருக்கும். அதை இன்னொரு எஃகில் அழுத்தி எடுப்பதுதான் டை. அதில் உருவம் குழிவாக, இடவலம் மாறி விழும். ஒரு ஹப்பிலிருந்து ஏகப்பட்ட டைகள், ஒவ்வொரு டையிலிருந்தும் லட்சக்கணக்கில் காசுகள். ஹப்பை மாற்றினால் அதற்குப் பிறகு வரும் டைகள் எல்லாமே மாறும். ஒரு டையில் விரிசல் விட்டால் அது அடித்த காசுகளில் மட்டும், அதுவும் விரிசலுக்குப் பிறகு அடித்தவற்றில் மட்டும் தெரியும். காசு வெளியே வந்தபின் பட்ட அடி அந்த ஒரு காசோடு சரி. எனவே ஒரே ஒரு காசை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

உங்கள் 1999 சென்ட்டில் எழுத்தின் இடமே மாறியிருக்கிறது. தேய்மானம் எழுத்தை மழுக்கும், நகர்த்தாது. ஆக, இது ஹப் விவகாரம். லிங்கன் நினைவகம் உள்ள இந்தப் பின்பக்கத்தில் 1992 வரை ஏ, எம் விலகித்தான் இருந்தன. 1993 முதல் புழக்கக் காசுகளில் அவை நெருங்கின. ஆனால் சேகரிப்பாளர்களுக்காக சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கும் பளபளப்பான ப்ரூஃப் காசுகளுக்கு அப்புறம் மீண்டும் விலகிய வடிவமே வந்தது. 1998, 1999, 2000 ஆண்டுகளில் அந்த ப்ரூஃப் வடிவம் கொண்ட டைகள் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையின் புழக்கக் காசுகளுக்கும் பயன்பட்டுவிட்டன. மூன்றில் 1999தான் அரிது. 1992-இல் நடந்தது இதற்கு நேர்மாறு: அடுத்த ஆண்டின் நெருங்கிய பின்பக்கம் சில காசுகளில் முன்கூட்டியே வந்துவிட்டது. தேடுபவர்களுக்குத் தூக்கம் கெடுவது அந்தக் காசால்தான்.

இடைவெளியை மட்டும் நம்பாதீர்கள். நினைவகக் கட்டடத்தின் வலது ஓரத்தில், வடிவமைத்த ஃபிராங்க் காஸ்பாரோவின் முதலெழுத்துகள் எஃப், ஜி பொடியாக இருக்கும். விலகிய வகையில் அவை கட்டடத்தை நெருங்கியும், நெருங்கிய வகையில் சற்றுத் தள்ளியும் நிற்கும். இரண்டு அடையாளமும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் முன்பக்கம் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே எழுத்து எதுவும் இல்லையென்றால் ஃபிலடெல்ஃபியா, நல்லது. சான் பிரான்சிஸ்கோவின் எஸ் இருந்தால் யாரோ ப்ரூஃப் செட்டை உடைத்துச் செலவழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டி இருந்தால் அது டென்வர் காசு. மறுபடியும் லென்ஸை எடுத்து இடைவெளியைப் பாருங்கள்.

1999-இன் இந்தக் கலப்பு வேண்டுமென்றே செய்த மாற்றம் அல்ல. வேண்டுமென்றே செய்ததற்கு 1960 சென்ட் நல்ல உதாரணம். அந்த ஆண்டின் ஆரம்பத்தில் தேதி சிறியதாக இருந்தது. பூஜ்யத்தின் நடுப்பகுதி உடைந்துபோகும் தொல்லை இருந்ததால் எண்களைப் பெரிதாக்கினார்கள். ஒரே ஆண்டில் இரண்டு தேதி வடிவம் கிடைப்பது அப்படித்தான்.

இரட்டைத் தேதி விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. அடிக்கும் நொடியில் டை லேசாக ஆடினால் எண்ணின் ஓரம் நசுங்கி, தட்டையான படிக்கட்டு போல ஒரு நிழல் விழும். பெரும்பாலான ‘இரட்டை’ இதுதான். 1955, 1972 சென்ட்கள் சிலவற்றில் உள்ள உண்மையான இரட்டிப்பு வேறு. அப்போது டை செய்ய ஹப்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவார்கள். இரண்டாம் முறை கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் டையிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். அதில் இரண்டு எண்ணுமே உருண்டு, முழுதாகப் புடைத்து நிற்கும், முனைகள் பிளந்திருக்கும். 1982-க்குப் பிந்தைய சென்ட் என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு: துத்தநாகத்தின் மேலுள்ள மெல்லிய தாமிர முலாம் எண்ணின் ஓரத்தில் கிழிந்தாலும் இரட்டை போலத் தோன்றும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், அதற்கு மேல் தேவையில்லை. வங்கியில் ஐம்பது காசு கொண்ட ரோல்களாகச் சென்ட் வாங்கி, 1999-களைத் தனியே பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோணத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரணக் காசை நூறு முறை பார்த்த கண்ணுக்குத்தான் மாறியது தெரியும். அலுப்பான வேலை என்பதை மறுக்கவில்லை.

விலகிய காசின் இரண்டு பக்கமும், எஃப் ஜி தெரியும்படி நெருக்கமாக ஒன்றும் படம் எடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.