ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஜனவரியில் ஓராண்டு வேத வாசிப்பைத் தொடங்கி, லேவியராகமத்தோடு நின்றுவிட்டேன். முழங்காலில் நின்றாலும் ஜெபம் வருவதில்லை. ‘விசுவாசக் குறைவு, மூன்று நாள் உபவாசம் இரு’ என்கிறார்கள். இருக்கட்டுமா? – ஒரு சகோதரி, நாசரேத்

பதில்: உபவாசத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், சகோதரி. “போதும் கர்த்தாவே” என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்கு (1 இராஜாக்கள் 19) முதலில் கிடைத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வியே ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. நாமோ அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறோம்.

வாசிப்பு நின்றதற்குக் கணக்கே காரணம். வேதத்தில் 1189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு வாசிக்கவேண்டும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் இருபதுக்கு மேல் பாக்கி. அப்புறம் வேதத்தைக் கையில் எடுத்தாலே கடன் நோட்டைத் திறப்பதுபோல் இருக்கும். விட்டதைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து வாசித்தால் சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாள், விட்டுப்போனதற்கு. மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரந்தான்.

ஜெபத்துக்கு 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். சத்தமாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்திலேயே நான்குமுறை ‘எதுவரைக்கும்’ வருகிறது. அதாவது முதலில் முறையீடு, 3–4இல் விண்ணப்பம், 5–6இல் நம்பிக்கை. இதே வரிசையில் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எது வலிக்கிறது, என்ன வேண்டும், இன்னும் எதைப் பிடித்திருக்கிறேன். பெரும்பாலும் தவறு நடப்பது முதல் வரியில். முறையிட்டால் பாவம் என்று பயந்து நேரே ஸ்தோத்திரத்துக்குத் தாவுகிறோம். உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கிறது. ‘பாரமாக இருக்கிறது’ என்று எழுதாமல், ‘மகளுக்கு வரன் தட்டிப்போகிறது, உம்மேல் கோபமாக இருக்கிறது’ என்று உள்ளதை எழுதுங்கள். மூன்றாவது வரி வராவிட்டால் காலியாக விடுங்கள். 88ஆம் சங்கீதம் நம்பிக்கையின் வரி இல்லாமலேதான் முடிகிறது. ஆனாலும் அதன் முதல் வசனம் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்றுதான் கூப்பிடுகிறது.

கேள்வி: மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். சாப்பிடுவது அவிசுவாசம் என்கிறார் ஜெபக்குழுவில் ஒருவர். – வாசகர், திருச்சி

பதில்: சர்க்கரைக்கு அவர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பவுலோடு கூட இருந்த லூக்காவே வைத்தியர்தான் (கொலோசெயர் 4:14).

இந்த மாத்திரைகள் வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். குமட்டல், தூக்கக் கோளாறு போன்றவை அதற்கு முன்பே தலைகாட்டும். பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனையையும் கேளுங்கள், இரண்டும் உடம்பைச் சோர்த்துவிடும்.

மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து: எதிலும் நாட்டமின்மையோ துக்கமோ அநேகமாக நாள் முழுக்க, இரண்டு வாரம் நீடித்தால் ஆத்தும சோர்வு என்று மட்டும் எண்ணி இருந்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: ஆறு ஆண்டாகக் கிராம ஊழியம், ஒரு ஞானஸ்நானமும் இல்லை. விட்டுவிடலாமா? – தம்பி ஒருவர், தர்மபுரி

பதில்: சோர்வில் இருக்கும்போது இந்த முடிவை எடுக்காதீர்கள், தம்பி. இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக வந்த வில்லியம் கேரி வங்காளத்தில் இறங்கியது 1793 நவம்பரில். அவருடைய ஊழியத்தில் முதலாவதாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28இல். இதைச் சொல்லி ‘ஏழு வருஷம் பொறு’ என்று முடித்துவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆண்டுகளில் கேரி சும்மா காத்திருக்கவில்லை. அவுரித் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார், வங்காளி கற்றார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். மகன் பீட்டரைப் பறிகொடுத்ததும், மனைவி டாரதியின் மனநிலை குலைந்ததும் அப்போதுதான். உடன் ஊழியர்களான வார்டும் மார்ஷ்மனும் 1799இல் செராம்பூருக்கு வந்தார்கள், கேரி அங்கே போய் அவர்களோடு சேர்ந்தது 1800இல். அந்த ஆண்டின் கடைசியில்தான் அந்த முதல் ஞானஸ்நானம்.

ஆகவே தனியாகப் போகிறீர்களா என்று பாருங்கள். “நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்” என்ற எலியாவுக்கு, ஏழாயிரம்பேர் மீதி உண்டு என்ற செய்தியோடு மூன்று பேரை அபிஷேகம்பண்ணும் வேலையும் கிடைத்தது. மலையிலிருந்து இறங்கியதும் அவர் முதலில் போய்ப் பார்த்தது, பன்னிரண்டாம் ஏரை ஓட்டிக்கொண்டிருந்த, பின்பு அவருக்குத் துணையான எலிசாவை.